படையெடுப்பின் முதல் இரவு: சிறிய பட்ஜெட் வேற்றுக்கிரகத் திகில் படங்களை நான் ஏன் தேடிப் பார்க்கிறேன்

குறைந்த செலவில் எடுக்கப்படும் வேற்றுக்கிரகப் படையெடுப்புத் திகில் படங்களில் அப்படி என்ன ஈர்ப்பு இருக்கிறது, கோடிக்கணக்கில் செலவழித்த படங்கள் எளிதாகக் கிடைக்கும்போது ரப்பர் உடையும் மங்கிய ஒளியும் கொண்ட இந்தப் படங்களை எதற்காகப் பார்க்க வேண்டும் என்பது கேள்வி. இவ்வகைப் படங்களைப் பல ஆண்டுகளாகத் தேடிப் பார்த்து வருபவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் பணம் இல்லாததாலேயே இந்தப் படங்கள் படையெடுப்பின் மிகப் பயங்கரமான கட்டத்தை விட்டு நகர முடியாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. அப்படித் தங்குவதில்தான் அவற்றின் பலம் இருக்கிறது.

நகரங்கள் எரியும் கட்டத்தை நான் சொல்லவில்லை. ஏதோ ஒன்று வந்திறங்கிவிட்டது என்பது ஓரிருவருக்கு மட்டும் தெரிந்து, அவர்கள் சொல்வதை வேறு எவரும் நம்பாமல், ஊர் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருக்கும் அந்த முதல் இரவைச் சொல்கிறேன். போர் விமானங்கள் திரையில் தோன்றிய கணத்தில் திகில் படம் போர்ப் படமாக மாறிவிடுகிறது. யார் வெல்வார்கள் என்ற கேள்வி எழுந்துவிட்டால், என்ன நடக்கிறது என்ற கேள்வி அடங்கிவிடுகிறது. பெரிய படங்கள் முதல் இரவை அவசரமாகக் கடந்துவிடுகின்றன, ஏனெனில் அவை செலவழித்த பணம் எல்லாம் மறுநாள் காலையில் காத்திருக்கிறது. சிறிய படத்துக்கு அந்த மறுநாளைக் காட்ட வசதி கிடையாது. ஒரு வீடு, ஒரு தெரு, நான்கைந்து நடிகர்கள், இரவு, இவ்வளவுதான் அதன் கையிருப்பு.

இந்த முதல் இரவின் வலிமையை இக்கதை மரபின் தொடக்கத்திலேயே காணலாம். எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட, செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியின்மீது படையெடுக்கும் ‘த வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ நாவலில், வானிலிருந்து விழுந்த உருளையின் அருகே சென்றவர்கள் வெப்பக் கதிரால் எரிந்து மாண்ட பிறகும், சற்றுத் தொலைவில் இருந்த மக்கள் வழக்கம்போல் உண்டு உறங்குகிறார்கள், ரயில்கள் ஓடுகின்றன. அந்த நாவலில் பின்னால் வரும் பேரழிவுக் காட்சிகளைவிட என்னை அதிகம் கலங்கச் செய்தது இந்த வெள்ளிக்கிழமை இரவுதான்.

திரையில் இதை மிகச் சிறப்பாகச் செய்த படமாக நான் கருதுவது டான் சீகல் இயக்கி 1956இல் வெளிவந்த ‘இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாச்சர்ஸ்’. ஹாலிவுட் அளவுக்கு மிகச் சொற்பமான செலவில், கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட படம் அது. ஒரு சிறிய ஊருக்குத் திரும்பி வரும் மருத்துவரிடம், தன் தாய் தன் தாயே இல்லை என்று ஒரு சிறுவன் அலறுகிறான்; தன் மாமா உருவத்தில் இருப்பவர் தன் மாமா இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். முகம், குரல், நினைவுகள், கழுத்தில் இருக்கும் தழும்பு வரை எல்லாம் பொருந்துகின்றன, ஆனால் பார்வையில் முன்பிருந்த ஏதோ ஒன்று இல்லை என்பதே அவள் முறையீடு. வேற்றுக்கிரக விதைகளிலிருந்து முளைத்த காய்களுக்குள் மனிதர்களின் நகல்கள் வளர்கின்றன, மனிதர்கள் உறங்கும்போது அந்த நகல்கள் அவர்களுடைய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பது பின்னர்தான் தெரியவருகிறது.

இந்தக் கதையமைப்பு எவ்வளவு சிக்கனமானது என்பதைக் கவனியுங்கள். படையெடுத்து வந்த வேற்றுக்கிரகவாசியின் வேடத்தை அதே நடிகர்களே செய்கிறார்கள். ஒப்பனை தேவையில்லை, உடை தேவையில்லை. முகத்தில் கனிவைக் குறைத்துக்கொண்டால் போதும். நுரை பொங்கும் காய்கள் திறக்கும் சில காட்சிகளைத் தவிரப் படத்தில் தந்திரக் காட்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. பணம் மிச்சமான அதே இடத்தில் பயம் பெருகிவிடுகிறது, ஏனெனில் பார்வையாளர் தாமாகவே ஒவ்வொரு முகத்தையும் சோதிக்கத் தொடங்குகிறார். காவலர் நம்மவரா, தொலைபேசி இணைப்பகத்தில் பேசும் பெண் நம்மவரா, பக்கத்தில் நிற்பவர் நேற்று இருந்தவர்தானா? ஆயிரம் விண்கலங்கள் வானத்தை மறைத்து நின்றாலும் இந்தச் சந்தேகத்தை உண்டாக்க முடியாது. கம்யூனிச அச்சத்தின் உருவகம் என்று சிலரும், அந்த அச்சத்தைக் கிளப்பி மக்களை ஒரே அச்சில் வார்க்க முயன்ற, அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தியின் பெயரால் அறியப்படும் கால அடக்குமுறையின் உருவகம் என்று வேறு சிலரும் இப்படத்தை விளக்கியிருக்கிறார்கள். படம் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதால் இரண்டு விளக்கங்களும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன.

படத்தின் முடிவு குறித்து எனக்கு நீண்ட காலமாகவே ஒரு வருத்தம் உண்டு. நெடுஞ்சாலையில் விரையும் கார்களுக்கு நடுவே நின்று, அடுத்தது நீங்கள்தான் என்று நாயகன் கதறுவதோடு முடிக்கவே சீகல் விரும்பினார். தயாரிப்பு நிறுவனம் வற்புறுத்தியதால், அவன் சொல்வதை அதிகாரிகள் நம்பி நடவடிக்கை எடுக்கத் தொடங்குவதாக ஒரு மருத்துவமனைக் காட்சி முன்னும் பின்னும் சேர்க்கப்பட்டது. அவனை நம்பிவிட்டார்கள் என்றதும் முதல் இரவு முடிந்துபோகிறது. நம் பயமும் அதோடு தணிந்துவிடுகிறது.

பேய்ப் படங்களோடு ஒப்பிட்டால் இந்தப் பயத்தின் தன்மை இன்னும் தெளிவாகும். பேய்க்கு ஒரு பழங்கதை உண்டு. யார் கொன்றார்கள், ஏன் திரும்பி வந்தது, எதைச் செய்தால் போகும் என்பதற்கெல்லாம் விடை கிடைத்துவிடும். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்ததற்கு இங்கே முன்கதை கிடையாது, பரிகாரமும் கிடையாது. அதன் நோக்கம் பகையா, பசியா, வெறும் ஆராய்ச்சியா என்பதைக்கூட நம்மால் ஊகிக்க முடிவதில்லை. 1960இல் வோல்ஃப் ரில்லா இயக்கிய பிரிட்டிஷ் படமான ‘வில்லேஜ் ஆஃப் த டாம்ன்ட்’ இந்த அறியாமையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மறக்க முடியாத தொடக்கத்தைப் படைத்திருக்கிறது. ஒரு கிராமத்தில் எல்லோரும் ஒரே நொடியில் மயங்கி விழுகிறார்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவரின் குரல் பாதியில் நின்றுபோகிறது. விவரமறிய வந்த ராணுவத்தினர், இடுப்பில் கயிறு கட்டி முகமூடி அணிவித்து ஒரு வீரரை ஊருக்குள் அனுப்புகிறார்கள். குறிப்பிட்ட கோட்டைத் தாண்டியதும் அவரும் சாய்கிறார், கயிற்றைப் பிடித்து இழுத்து மீட்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையை நிறுவ இயக்குநருக்குத் தேவைப்பட்டவை ஒரு வயல்வெளியும் ஒரு கயிறும் மட்டுமே.

ஒலியின் பங்கைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படத்தில் மிக மலிவாகவும் மிக ஆழமாகவும் பயமுறுத்தக்கூடியது அதுதான். ஆண்ட்ரூ பேட்டர்சன் ஏறத்தாழ 7 லட்சம் டாலர் செலவில் எடுத்து 2019இல் திரையிட்ட ‘த வாஸ்ட் ஆஃப் நைட்’ படத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 1950களின் நியூ மெக்சிகோவில் ஒரு கற்பனைச் சிற்றூர். ஊரே பள்ளியில் நடக்கும் கூடைப்பந்துப் போட்டியில் கூடியிருக்க, தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்யும் ஃபே என்ற மாணவியும் வானொலியில் இரவு நிகழ்ச்சி நடத்தும் எவரெட் என்ற இளைஞனும் கம்பி வழியே ஒரு விசித்திர ஒலியைக் கேட்கிறார்கள். ஃபே தொலைபேசி இணைப்புப் பலகையின் முன் அமர்ந்து ஒவ்வோர் இணைப்பாகச் செருகி எடுத்து, அழைப்புகளை ஏற்று, பதற்றம் சிறிது சிறிதாக ஏறுவதை ஒரே நீண்ட ஷாட்டில் வெட்டில்லாமல் காட்டுகிறார் இயக்குநர். அந்தக் காட்சி முழுவதிலும் நாம் பார்ப்பது ஒரு பெண் தொலைபேசியில் பேசுவதை மட்டுமே. ஆனாலும் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிடுகிறோம்.

அதே படத்தில், அந்த ஒலியை முன்பே கேட்டிருக்கும் ஒரு முன்னாள் ராணுவ வீரர் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசும்போது, திரை முழுவதும் இருண்டு குரல் மட்டும் எஞ்சுகிறது. தைரியமான முடிவு அது. காட்சி ஊடகத்தில் காட்சியையே எடுத்துவிட்டு, பாலைவனத்தில் புதைக்கப்பட்ட ஏதோ ஒன்றைப் பற்றி ஒரு முதியவரின் தயங்கிய குரல் சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் பொருளின் அளவையும் வடிவத்தையும் அவரவர் மனமே வரைந்துகொள்கிறது. எந்தக் கிராபிக்ஸ் கலைஞர் வரைந்தாலும் அது எல்லோருக்கும் ஒரே உருவமாகத்தான் இருக்கும். இங்கேயோ கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் அச்சத்தின் அளவுக்கே அது உருவாகிறது.

இந்தப் படங்களின்மீது எனக்குள்ள அன்புக்கு இன்னொரு காரணம் அவற்றில் தெரியும் மனிதக் கைகள். 1953இல் பிபிசி ஆறு பகுதிகளாக நேரலையில் ஒளிபரப்பிய ‘த குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ தொடரின் இறுதியில், விண்வெளிக்குச் சென்று திரும்பிய மனிதன் உருமாறி வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் பரவி நிற்கும் காட்சி வருகிறது. கதாசிரியர் நைஜல் நீலும் பின்னாளில் அவர் மனைவியான ஜூடித் கெர்ரும் கையுறைகளில் செடிகொடிகளை ஒட்டி அந்த உயிரினத்தை உருவாக்கினார்கள். தேவாலயத்தின் பெரிதாக்கப்பட்ட புகைப்படத்தைத் துளையிட்டு, நீல் தம் கைகளையே அதன் வழியே நுழைத்து அசைத்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்காக அந்தத் தேவாலயத்தைத் தொலைக்காட்சியில் கண்ட மக்கள், சில வாரங்களில் அதே திரையில் அதே இடத்தில் இதைக் கண்டார்கள்.

நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் தம் முதல் படமான ‘பேட் டேஸ்ட்’டை நண்பர்களை வைத்து வார இறுதி நாட்களில் சுமார் நான்கு ஆண்டுகள் எடுத்தார், வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகள் அவர் தாயாரின் சமையலறை அடுப்பில் வெந்தவை. ரத்தமும் சிரிப்பும் கலந்த அந்தப் படம் எல்லோருக்கும் உகந்ததல்ல. ஆனால் ஒரு கதையைச் சொல்லியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் அதன் ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. அந்தப் பிடிவாதத்தைப் பார்ப்பதே எனக்கு நிறைவு தருகிறது.

நான் சொன்ன முதல் இரவுக் கணக்குக்குள் அடங்காத ஒரு படமும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. கேரத் எட்வர்ட்ஸ் 2010இல் எடுத்த ‘மான்ஸ்டர்ஸ்’, உயிரினங்கள் வந்து ஆறு ஆண்டுகள் கழிந்த பிறகு தொடங்குகிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய படப்பிடிப்புக் குழு, இரண்டு முதன்மை நடிகர்கள், மற்ற பாத்திரங்களில் பெரும்பாலும் அந்தந்த இடங்களில் வாழ்ந்த மக்கள், 5 லட்சம் டாலருக்கும் குறைவான செலவு. திரைக்கதை, ஒளிப்பதிவு, கணினி வரைகலை எல்லாமே எட்வர்ட்ஸ்தான். எச்சரிக்கைப் பலகைகள், சிதைந்த கட்டடங்கள், வேலிகள் ஆகியவற்றை நிஜ நிலப்பரப்பின் மேல் பின்னர் சேர்த்தார். ஆபத்தோடு வாழப் பழகிவிட்ட மக்களின் சோர்வை இதைப்போல் காட்டிய படத்தை நான் கண்டதில்லை. அங்கும் பற்றாக்குறை ஒரு நன்மை செய்திருக்கிறது. நாம் உயிரினங்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மனிதர்களைக் கவனிக்க நேர்கிறது.

செலவு குறைவாக இருந்துவிட்டால் படம் நன்றாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இவ்வகையில் பெரும்பாலான படங்கள் சலிப்பூட்டுபவை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தம்மிடம் இல்லாத பணம் இருப்பதுபோல் அவை நடிக்கின்றன. ஒரு மேசையும் ஒரு வரைபடமும் கொண்ட அறையில் தளபதிகள் நின்று உலகப் போரைப் பேச்சாலேயே நடத்துவார்கள். இடையிடையே வேறெங்கிருந்தோ எடுத்த ராணுவக் காட்சித் துண்டுகள் ஓடும். 1953இல் வந்த ‘ரோபாட் மான்ஸ்டர்’ படத்தில் கொரில்லா உடையின் மேல் ஒரு தலைக்கவசம் பொருத்திய உருவம் நல்ல வெயிலில் நடமாடுகிறது. அந்த உடையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதை நிழலிலும் கதவிடுக்கிலும் வைத்திருந்தால் அதுவே நம்மை நடுங்க வைத்திருக்கக்கூடும். 1958இல் வந்த ‘த பிளாப்’ படத்தில் சாயமேற்றிய சிலிகோன் குழம்புதான் அரக்கன். ஆனால் அதைப் பார்த்த இளைஞர்களைப் பெரியவர்கள் நம்ப மறுக்கும் இரவைப் படம் பொறுமையாகச் சொல்வதால், அந்தக் குழம்பு கதவுக்குக் கீழே வழிந்து வரும்போது நாம் கால்களை மடக்கிக்கொள்கிறோம்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், ‘த வாஸ்ட் ஆஃப் நைட்’டை இரவில், ஹெட்ஃபோன் அணிந்து, இடையில் நிறுத்தாமல் பாருங்கள், முதல் இருபது நிமிடங்களில் பேச்சு வேகமாகவும் அதிகமாகவும் இருக்கும், அதைத் தாண்டிவிடுங்கள். அடுத்து 1956ஆம் ஆண்டின் ‘பாடி ஸ்னாச்சர்ஸ்’. அதைப் பார்த்த பிறகு 1978இல் ஃபிலிப் காஃப்மன் அதே கதையை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றி எடுத்த படத்தையும் பார்க்கலாம். அதன் செலவு அதிகம், ஆனால் முன்னதில் சீகலுக்கு மறுக்கப்பட்ட நம்பிக்கையற்ற முடிவு அதில் தயவின்றி நிறைவேறுகிறது. இந்த இரண்டும் பிடித்திருந்தால் ‘வில்லேஜ் ஆஃப் த டாம்ன்ட்’டுக்குப் போங்கள். ‘மான்ஸ்டர்ஸ்’ படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் திகிலை எதிர்பார்த்து உட்கார்ந்தால் அதன் மெதுவான நடை ஏமாற்றம் தரும்.