ஒன்றரை வயசுப் பிள்ளை படப் புத்தகத்தைக் குடுத்தா கிழிக்குது, உக்காந்து கேக்கவே மாட்டேங்குது, என்ன செய்ய?

கிழிக்கத்தாங்க செய்யும், எங்க வீட்லயும் அதே கதைதான். அந்த வயசுல வாயில வச்சுக் கடிச்சுப் பாக்குறதும் கிழிக்கிறதும் அதுக்கு ஒரு படிப்பு, அதனால மெல்லிசு தாள் புத்தகத்தை எடுத்து உள்ள வச்சுட்டு கெட்டி அட்டைப் புத்தகமா குடுங்க.

முக்கியமானது என்னன்னா, கதையை வரி வரியா வாசிக்கவே வேண்டாம். புள்ள எந்தப் படத்தைப் பாக்குதோ அதைப் பத்தி மட்டும் பேசுங்க. என் மகன் பஸ் படத்துல விரலை வச்சா எங்க அப்பத்தா "மாட்டுத்தாவணி, பெரியார், ஏறு ஏறு"ன்னு கண்டக்டர் மாதிரி கத்தும், அவனும் "பொய்யாரு"ம்பான், அப்படியே பத்து நிமிசம் ஓடிரும், அடுத்த பக்கமே திருப்ப விட மாட்டான். ஒரே புத்தகத்தை இருவது தடவ கேட்டாலும் சலிச்சுக்காதீங்க (நமக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்), திரும்பத் திரும்ப கேட்டாத்தான் வார்த்தை மனசுல நிக்கும்.

பல்லு முளைக்கிற நேரம், காய்ச்சல், தூக்கம் வந்து அழுகுறப்பல்லாம் புத்தகத்தை நீட்டாதீங்க. நான் ஒருநா நீட்டி மூக்குலயே வாங்கிருக்கேன். சோறு ஊட்டி முடிச்ச கையோட ரெண்டு நிமிசம், போதும்.

காசு போட்டு வாங்கணும்னு இல்ல, மதுரைல நத்தம் ரோட்டுல 2023-ல தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல பிள்ளைகளுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. ஸ்டோரிவீவர்ங்கிற (StoryWeaver) பிள்ளைங்க கதை வெப்சைட்லயும் தமிழ்ப் படக்கதை ஃப்ரீயா கிடைக்குது, ஆனா போனை பிள்ளை கையில குடுத்துறாதீங்க, அப்புறம் புடுங்குறது உங்க பாடு.