36 அங்குலப் படத்துக்கு மீடியம் ஃபார்மேட் தேவையா?

கேள்வி: என்னிடம் நிக்கான் டி850 இருக்கிறது. பினாங்கு ஜார்ஜ் டவுன் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் கோபுரத்தை எடுத்து, 24க்கு 36 அங்குலத்தில் அச்சிட்டு ஹாலில் மாட்ட ஆசை. நண்பர் ஒருவர் தன் பழைய ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ்-ஐ விற்கிறார். பெரிய சென்சார் கொண்ட மீடியம் ஃபார்மேட் கேமராவில் எடுத்து அச்சிட்டால் படமே வேற மாதிரி இருக்கும் என்கிறார். என் கேமராவைக் கொடுத்துவிட்டு அதை வாங்கலாமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம். இந்தப் படத்துக்காக என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, அதில் பெரிசு என்பது உண்மைதான். உங்களுடையது 36க்கு 24 மில்லிமீட்டர், அது 43.8க்கு 32.9, பரப்பளவில் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அச்சு என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது நீளப்பக்கத்தில் எத்தனை பிக்சல் என்பதைத்தான். டி850-இல் 8256க்கு 5504, 50எஸ்-இல் 8256க்கு 6192. நீளப்பக்கம் இரண்டிலும் ஒன்றே! 36 அங்குலத்துக்கு இழுத்தால் இரண்டுமே அங்குலத்துக்கு 229 பிக்சல்தான் தரும், 50எஸ்-இல் மிச்சமாகக் கிடைக்கும் உயரத்தையும் 24க்கு 36 சட்டத்துக்காக நீங்கள் வெட்டிப் போட்டுவிடுவீர்கள்.

சரி, பெரிய சென்சாருக்கு வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்குமே, நிழல் பகுதி சுத்தமாக வருமே என்று கேட்கலாம். ஒரே ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்திறன் எண்) எடுத்தால் முக்கால் ஸ்டாப் அளவுக்கு லாபம் உண்டு; ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம். ஆனால் டி850 ஐஎஸ்ஓ 64 வரை இறங்கும், 50எஸ் 100-இலேயே நின்றுவிடும், கோபுரம் எங்கும் ஓடப்போவதில்லை, ட்ரைபாடில் வைத்து 64-இல் நிதானமாக, கூடுதல் நேரம் வெளிச்சம் வாங்கி எடுத்தால் அந்த லாபமும் ஏறக்குறைய கரைந்துவிடும். அப்புறம் 50எஸ் ஃபோகஸ் பிடிப்பதில் மெதுவான கேமரா. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் காவடி எடுக்கப் போனால் உங்கள் பழைய கேமராவைத்தான் தேடுவீர்கள்.

102 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸ் கேமராக்கள் வேறு கதை. நீளப்பக்கம் 11648, அதே 36 அங்குலத்தில் 323 பிக்சல் வரும். இரவல் வாங்கிய அப்படியொரு கேமராவிலும் என் 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவிலும் (உங்களுடைய சென்சார் அளவுதான்) ஒரே காலையில் அதே கோபுரத்தை எடுத்து, இரண்டையும் இந்த அளவில் அச்சிட்டு வீட்டுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். சோஃபாவிலிருந்து பார்த்தபோது எது எது என்று எனக்கும் தெரியவில்லை, என் மனைவிக்கும் தெரியவில்லை. எழுந்துபோய் ஒரு சாண் தூரத்தில் நின்றபோதுதான் தெரிந்தது: துவாரபாலகரின் தோள்வளையில் இருக்கும் சுதை மணிகள் 102 மெகாபிக்சல் படத்தில் தனித்தனி மணியாக நின்றன, மற்றதில் ஒட்டிப்போய்க் கயிறு மாதிரி ஓடின. உதட்டுச் சாயம் வெடித்த கோடும் அப்படித்தான். அழகான வித்தியாசம், பார்த்து மலைத்துப் போனேன். ஆனால் ஏ2 அளவில் அச்சிட்டபோது அந்த ஒரு சாண் தூரத்திலும் அது எனக்குக் கிடைக்கவில்லை. நாற்பது அங்குலத்துக்கு மேல் போய், ஆட்கள் கிட்டே நின்று பார்க்கும் கண்காட்சி என்றால் அந்தக் கேமராவுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இப்போதைக்கு நல்ல ட்ரைபாட் ஒன்று வாங்குங்கள். கோபுரம் கிழக்கே பார்க்கிறது, அதனால் காலை ஏழரை, எட்டு மணிக்குள் போய்விடுங்கள். நான் ஒரு தடவை நடுப்பகலில் எடுத்து, தார்ச்சாலையிலிருந்து எழும்பிய வெப்ப அலையில் மேல்நிலைச் சிற்பம் எல்லாம் குழைந்துபோய், மொத்த அச்சையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. லென்ஸ் துவாரத்தை எஃப்8-இல் வையுங்கள், டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கேன்வாஸில் அச்சிட்டால் நல்லதா, தாளிலா?
- வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: முகம், கடற்கரை மாதிரிப் படங்களுக்குக் கேன்வாஸ் பரவாயில்லை. நுணுக்கம் நிறைந்த படத்துக்கு வேண்டாம், துணியின் இழையே அதைத் தின்றுவிடும். பாரைட்டா தாள் (பேரியம் சல்ஃபேட் பூசிய புகைப்படத் தாள்) கேளுங்கள், மை நிறமித் துகள் கொண்ட பிக்மென்ட் மையாக இருக்கட்டும். சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், நம்ம ஊர் ஈரத்துக்குப் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. முழுப் படத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன், அதே அளவில் ஒரு துண்டை மட்டும், ஏ4 அளவு போதும், அச்சிட்டுத் தரச் சொல்லி வெயில் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.