பதில்: மகளின் ஜெர்மனி படிப்பு, டாட்டா பணம், சேரன்மகாதேவி வயல்

அண்ணாச்சி, மக ஜெர்மனியில படிக்க டாட்டா பணம் இலவசமா கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னாராம், சேரன்மகாதேவி வயலை ஈடு வச்சு வங்கிக் கடன் வாங்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. நீங்க கேள்விப்பட்டது ஜாம்செட்ஜி டாட்டா 1892-ல ஆரம்பிச்ச ஜே. என். டாட்டா அறக்கட்டளை. முன்னாள் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் லண்டன்ல படிச்சதும் அந்தப் பணத்துலதான். ஆனா "இலவசம்"னு சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கார். அது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்டணும். விண்ணப்பம் வருஷத் தொடக்கத்துல வரும். தேர்வு, நேர்காணல் உண்டு. முழுச் செலவும் அதுல அடங்காது.

ஜெர்மனி விசாவுக்கு முடக்கக் கணக்குல (மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ முன்கூட்டியே காட்டணும். டாட்டா முடிவை நம்பி அதைத் தள்ளிப் போடாதீங்க, வங்கிக் கடனுக்கும் சேர்த்தே போடுங்க. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்துல பதியலாம். பொதுவா 7.5 லட்சத்துக்கு மேல போனா சொத்து ஈடு கேப்பாங்க. 4 லட்சத்துக்கு மேல வெளிநாட்டுப் படிப்புன்னா செலவுல 15 சதவீதம் நம்ம கைப்பணமா போடணும்.

சிக்கல் உங்க வயல்லதான். நஞ்சைன்னாலே வங்கி மேனேஜர் தயங்குவார். கடன் நின்னா வங்கி நேரடியா ஏலம் விடுற சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது, அதான் காரணம். அதுக்கு மேல பட்டா இன்னும் தாத்தா பேர்ல இருக்குன்னு எழுதியிருக்கீங்க. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பங்காளிகள் தங்க பங்கை விட்டுக்குடுக்குற விடுதலைப் பத்திரம் பதிஞ்சு குடுத்த பிறகுதான் பட்டா உங்க ஒருத்தர் பேருக்கு மாறும். அத்தைமார் கையெழுத்தும் வேணும், அங்கதான் பல குடும்பத்துல மாசக்கணக்கா இழுக்கும். வில்லங்கச் சான்றிதழை இப்பவே ஆன்லைன்ல எடுத்துப் பாருங்க.

உங்க பேர்லயே வீடோ வைப்புத்தொகையோ இருந்தா வயலைத் தொடவே வேண்டாம்.