அயோவா அணியின் குவாட்டர்பேக், கோச், கோச்சின் மகன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஹாக்கைஸ் அணியை விடாமல் பார்த்து வருபவள் நான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ஸ்பென்சர் பீட்ரஸ் திணறிய 2022 சீசன் பற்றியும், 1999 முதல் தலைமை கோச்சாக இருக்கும் கிர்க் ஃபெரென்ட்ஸ் இன்னும் எத்தனை காலம் நீடிப்பார் என்பது பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, நான் இப்போதுதான் கல்லூரி ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். 7-3 என்று அயோவா ஜெயித்த ஒரு ஆட்டத்தில் டச்டவுனே இல்லை என்கிறார்கள். அது எப்படி?

2022 செப்டம்பர் 3, அயோவா சிட்டியின் கின்னிக் ஸ்டேடியத்தில் நடந்த சீசனின் முதல் ஆட்டம் அது. எதிரணி சவுத் டகோட்டா ஸ்டேட், ஒரு படி கீழே உள்ள பிரிவைச் சேர்ந்த அணி. மைதானத்தின் கோடியில் இருக்கும் எதிரணியின் எண்ட் ஜோனுக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பதுதான் டச்டவுன். அது அயோவாவுக்கு அன்று வரவில்லை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோல் ஒன்று கிடைத்தது, அதற்கு 3 புள்ளி. மிச்சம் 4 புள்ளியும் இரண்டு சேஃப்டியில் வந்தவை. பந்தை வைத்திருக்கும் அணி தன்னுடைய எண்ட் ஜோனுக்குள்ளேயே மடக்கப்பட்டால் எதிரணிக்கு 2 புள்ளி. அதைத்தான் சேஃப்டி என்கிறார்கள்.

அந்தச் சேஃப்டிகளுக்கு வழி செய்தவர் மெல்போர்னிலிருந்து வந்த டோரி டெய்லர். அவர்தான் அயோவாவின் பன்ட்டர். பந்தோடு முன்னேற வேண்டிய அஃபென்ஸ் மேலே போக முடியாமல் நின்றுவிட்டால் பந்தை உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவது பன்ட். டெய்லர் அன்று 10 முறை உதைத்தார். அவருடைய நல்ல பன்ட் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். பந்து நன்றாக உயர்ந்து, எதிரணியின் கோல் லைனுக்குச் சில யார்டு முன்னால் இறங்கும். எண்ட் ஜோனுக்குள் உருண்டு போகாமல் அங்கேயே துள்ளி நின்றுவிடும். அந்த இடத்திலிருந்து ஆட வேண்டிய அணிக்குப் பின்னால் நகர இடமே இருக்காது. மற்றதை அயோவாவின் தடுத்தாடும் ஆட்களான டிஃபென்ஸ் பார்த்துக்கொண்டது.

பீட்ரஸ் எறிந்த 25 பாஸ்களில் 11 மட்டுமே சேர்ந்தன, மொத்தம் 109 யார்டு. சொந்த மைதானத்திலேயே அவரை எதிர்த்துக் கூச்சல் எழுந்தது. சவுத் டகோட்டா ஸ்டேட்டையும் லேசாக நினைக்க வேண்டாம். அந்த சீசனின் முடிவில் தங்கள் பிரிவில் தேசிய சாம்பியன் ஆனது அவர்கள்தான். அன்று அவர்களுக்கு ஆடிய குவாட்டர்பேக் மார்க் குரோனோவ்ஸ்கி 2025ல் அயோவாவுக்கே வந்து சேர்ந்தார்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பீட்ரஸ் அவ்வளவு மோசமான ஆட்டக்காரரா?

இல்லை. கை பலம் உண்டு, கால் வேகம் இல்லை. அவரைக் காக்க முன்னால் நிற்கும் லைன் தாக்குப்பிடித்தால் ஒழுங்காக ஆடுவார், லைன் உடைந்தால் தப்பி ஓடத் தெரியாது. 2020ல் தொடக்க ஆட்டக்காரரானார். முதல் இரண்டு ஆட்டம் தோற்று, அடுத்த ஆறையும் அணி வென்றது. 2022ல் சீசன் முழுக்க அவர் எறிந்தவை 5 டச்டவுன், எதிரணி பிடித்துக்கொண்ட 5 பாஸ், அதாவது இன்டர்செப்ஷன். அயோவா ஆடும் பிக் டென் போன்ற பெரிய கான்ஃபரன்ஸில், அதாவது கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில், இது போதாது, அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் அவரைச் சுற்றி என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். லைனின் நடுவில் தூணாக நின்ற டைலர் லிண்டர்பாம் அந்த ஆண்டு என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் ஆள் எடுத்தபோது முதல் சுற்றிலேயே போய்விட்டார். அவருக்குப் பின் வந்த லைனுக்கு அனுபவம் போதவில்லை. பாஸைப் பிடிக்கும் ரிசீவர்களில் பாதிப் பேர் சீசன் தொடங்கும்போதே காயத்தில். சார்லி ஜோன்ஸ் என்ற ரிசீவர் 2021ல் அயோவாவில் 21 பந்து பிடித்தார். அடுத்த வருடம் பர்டூவுக்கு மாறிப் போய் 110 பந்து பிடித்தார், அந்த சீசனில் நாட்டிலேயே அதிகம். ஆள் அதே ஆள்தான். ஆட்டத் திட்டம்தான் வேறு.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாத விஷயம். குவாட்டர்பேக்குகளுக்குச் சொல்லிக்கொடுத்த கென் ஓகீஃப் 2022 தொடக்கத்தில் விலகினார். அந்த இடத்துக்கு அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டுவராமல், அஃபென்ஸின் ஆட்டத் திட்டத்துக்குப் பொறுப்பான அஃபென்சிவ் கோஆர்டினேட்டர், தலைமை கோச்சின் மகன் பிரையன் ஃபெரென்ட்ஸிடமே அந்த வேலையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிரையன் ஆடிய காலத்தில் லைன்மேன், கோச்சாக வந்தபோதும் லைனைப் பயிற்றுவித்தவர். திணறிக்கொண்டிருக்கும் ஒரு பையனைக் கரையேற்ற வேண்டிய வருடத்தில் எடுக்கக் கூடிய முடிவா அது?

அடுத்த வருடம் மிச்சிகனிலிருந்து கேட் மெக்னமாரா வந்தார். அவர் முழங்கால் அடிபட்டு உட்கார, டீக்கன் ஹில் ஆடினார். அஃபென்ஸ் 2022ல் 131 அணிகளில் 130வது. 2023ல் கடைசி. குவாட்டர்பேக்கை மாற்றியும் விழுந்தது என்றால் பழியை எங்கே வைப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

ஓஹையோ ஸ்டேட்டிடம் 54-10 என்று உதை வாங்கிய பிறகும் அவரையே இறக்கினாரே ஃபெரென்ட்ஸ். இது பிடிவாதம் இல்லாமல் வேறென்ன?

அந்த ஆட்டத்தில் பீட்ரஸின் முதல் பாஸே எதிரணி கையில் போனது. பாதி ஆட்டத்தோடு அவரை உட்கார வைத்து அலெக்ஸ் பாடியாவை இறக்கினார்கள், அவராலும் எதுவும் நடக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி பீட்ரஸ். நார்த்வெஸ்டர்னை 33-13 என்று வென்றார்கள். பிறகு பர்டூ, விஸ்கான்சின், மின்னசோட்டா என்று தொடர்ந்து நான்கு வெற்றி. கடைசியாக நெப்ராஸ்காவை வென்றிருந்தால் பிக் டென்னின் மேற்குப் பிரிவுப் பட்டமே வந்திருக்கும். அந்த ஆட்டத்தில் பீட்ரஸுக்குத் தோள் அடிபட்டது, 24-17 என்று தோற்றார்கள். அயோவாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான்.

ஆகவே அக்டோபர் கடைசியில் ஃபெரென்ட்ஸ் எடுத்த முடிவு தப்பில்லை என்பேன். என் வருத்தம் செப்டம்பரைப் பற்றி. அயோவா ஸ்டேட்டிடம் 10-7 என்று தோற்ற கையோடு பாடியாவுக்கு ஒரு முழு ஆட்டம் கொடுத்திருக்கலாம். 2021ல் பீட்ரஸ் காயத்தில் இருந்தபோது மின்னசோட்டாவையும் இல்லினாயையும் வென்று காட்டியவர் அவர். முழு வாய்ப்புத் தராமல் வைத்திருந்தார்கள், சீசன் முடிந்ததும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். சீசன் முடிந்தபின் நடக்கும் பவுல் ஆட்டத்துக்கு ஜோ லபாஸ் என்ற புதுப் பையனைத்தான் இறக்க வேண்டியிருந்தது. கென்டக்கியை 21-0 என்று வென்றதில் இரண்டு டச்டவுன் டிஃபென்ஸ் போட்டது.

பெற்ற மகனையே கோஆர்டினேட்டராக வைத்துக்கொள்ள அங்கே சட்டம் இடம் கொடுக்கிறதா?

காகிதத்தில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பிரையன் தன் அப்பாவுக்குக் கீழே வேலை பார்க்கவில்லை, விளையாட்டுத் துறை இயக்குநர் கேரி பார்டாவுக்குக் கீழே வேலை பார்க்கிறார் என்பது ஏற்பாடு. தினமும் மைதானத்தில் யார் சொல்லி யார் கேட்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். பயிற்சியில் மகன் தவறினால் கேட்க வேண்டியவர் தலைமை கோச். விதிப்படி அவர் மேலதிகாரி இல்லை. மேலதிகாரியான பார்டாவோ ஆட்டத் திட்டம் போடுகிறவர் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டது இருபது வயசுப் பையன்கள்.

2023 பிப்ரவரியில் பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சம். அணி குறைந்தது 7 ஆட்டம் வெல்ல வேண்டும், ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும். டிஃபென்ஸ் போடும் டச்டவுனும் அந்தக் கணக்கில் சேரும். இப்படி ஒரு எண்ணைப் பொதுவில் வைத்ததை நான் அப்போதே விரும்பவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டத்தை விட்டுவிட்டு எல்லோரும் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். களத்தில் நிற்கும் மாணவனுக்கு அது எவ்வளவு பெரிய பாரம்!

பார்டா ஓய்வு பெற்ற பின் இடைக்கால இயக்குநராக வந்த பெத் கெட்ஸ், அக்டோபர் கடைசியில், இந்த சீசனோடு பிரையன் விலகுவார் என்று அறிவித்தார். சீசன் முடிவில் சராசரி 15.4. அப்படியிருந்தும் அணி 10 ஆட்டம் வென்றது. டெய்லர் அந்த சீசனில் 4,479 யார்டு பன்ட் செய்து 1938 முதல் நின்ற சாதனையை உடைத்தார். டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கருக்கு நாட்டின் சிறந்த துணைக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது கிடைத்தது.

தலைமை கோச்சுக்கு வருடம் 70 லட்சம் டாலர் சம்பளமாமே. மக்கள் வரிப்பணமா?

சம்பளம் டிக்கெட், டிவி உரிமை, நன்கொடை என்று விளையாட்டுத் துறை தானே ஈட்டுகிற பணத்திலிருந்து போகிறது. அதில் எனக்குப் புகார் இல்லை. அணிக்குள் இனப் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கறுப்பின முன்னாள் வீரர்கள் 12 பேர் போட்ட வழக்கு வேறு கதை. 2023 மார்ச்சில் 41.75 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது, அதில் 20 லட்சம் மாநில கஜானாவிலிருந்து. மாநிலத் தணிக்கையாளர் ராப் சேண்ட் அதை எதிர்த்தார். எதிர்த்தது சரி. ஃபெரென்ட்ஸின் காலத்தை எடைபோடும்போது வெற்றிக் கணக்கோடு இதையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

என் மகளும் அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு மாணவனைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் கூச்சல் போடுவது நியாயமா அம்மா?

நியாயம் இல்லை. கோச்சைக் கேளுங்கள், இயக்குநரைக் கேளுங்கள், சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள். அத்தனை கூச்சலுக்கும் பீட்ரஸ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. தோள் குணமாகி 2024ல் யூட்டா ஸ்டேட் அணியின் குவாட்டர்பேக்காக ஆடினார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஃபெரென்ட்ஸுக்கு 70 வயது ஆகிவிட்டது. இனியும் இருக்க வேண்டுமா? மரியாதையாகக் கேட்கிறேன் அக்கா, ஜெயிக்கும் கோச்சைப் போகச் சொல்வது நன்றி கெட்ட செயலா?

நன்றி கெட்ட செயல் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

1979 முதல் அயோவாவுக்கு இரண்டே தலைமை கோச்சுகள், ஹேடன் ஃப்ரை, அப்புறம் ஃபெரென்ட்ஸ். ஃபெரென்ட்ஸின் முதல் வருடம் 1 வெற்றி, 10 தோல்வி. அடுத்த வருடம் 3-9. இன்றைக்கு எந்தப் பெரிய கல்லூரியும் அதற்கு மேல் பொறுக்காது. அயோவா பொறுத்தது. 2002ல் கான்ஃபரன்ஸ் ஆட்டம் எட்டையும் வென்றார்கள். 2009 சீசனில் ஆரஞ்சு பவுல். 2015ல் முதல் 12 ஆட்டமும் வெற்றி. 2025 செப்டம்பரில் 206வது வெற்றியோடு வுடி ஹேஸைத் தாண்டி, பிக் டென் வரலாற்றில் அதிக வெற்றி பெற்ற கோச் ஆனார்.

மறுபக்கமும் உண்டு. கான்ஃபரன்ஸ் பட்டம் கடைசியாக வந்தது 2004ல், அதையும் மிச்சிகனோடு பகிர்ந்துகொண்டார்கள். இறுதி ஆட்டத்துக்கு மூன்று முறை போனார்கள். 2015ல் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 16-13, மயிரிழை. 2021ல் மிச்சிகனிடம் 42-3, 2023ல் 26-0. இந்தக் கடைசி இரண்டு ஸ்கோரும்தான் ரசிகர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. டிஃபென்ஸையும் பன்ட்டையும் நம்பி வருடம் 8, 9 ஆட்டம் வெல்லலாம், உச்சியில் இருக்கும் அணிகளை வெல்ல முடியாது என்கிறது ஒரு தரப்பு. நெப்ராஸ்காவைப் பார், 2003ல் 9 ஆட்டம் வென்ற கோச்சை அனுப்பிவிட்டு இருபது வருடம் தவித்தது என்கிறது இன்னொரு தரப்பு.

நான் இரண்டாம் தரப்பு. அவர் இருக்கட்டும். ஒப்பந்தம் 2029 வரை இருக்கிறது. ஆனால் அஃபென்ஸை வெளியாள் ஒருவரிடம் விட வேண்டும் என்று 2017லிருந்தே கேட்டு வந்தோம், அது 2024ல் டிம் லெஸ்டர் வந்த பிறகுதான் நடந்தது. முதல் சீசனிலேயே கேலப் ஜான்சன் 1,537 யார்டு ஓடி, 21 முறை பந்தை எண்ட் ஜோனுக்குள் கொண்டுபோனார். பீட்ரஸுக்கு இப்படி ஒரு அஃபென்ஸ் கிடைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாத வாரம் இல்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் எந்தப் பழைய ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

2005 ஜனவரி 1, கேப்பிடல் ஒன் பவுல், எதிரணி எல்எஸ்யு, அதாவது லூசியானா ஸ்டேட். நேரம் இல்லாவிட்டால் கடைசி ஒரு நிமிடம் மட்டும் போதும். நேரம் தீரும் நொடியில் குவாட்டர்பேக் ட்ரூ டேட் 56 யார்டு டச்டவுன் பாஸ் எறிகிறார், பிடிப்பது வாரன் ஹாலவே. கல்லூரிக் காலம் முழுக்க ஹாலவே போட்ட ஒரே டச்டவுன் அது. 30-25. அதைப் பார்த்துவிட்டு 2023 நெப்ராஸ்கா ஆட்டத்துக்கு வாருங்கள், 13-10. அதில் டெய்லர் உதைக்கும்போதெல்லாம் பந்து எங்கே இறங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள்.