புளூடூத்தை விடுங்கள், சிக்னலைப் பாருங்கள்: போன் பற்றரி கேள்வி பதில்

கொழும்பில் பதினொரு வருடம் டவர் பராமரிப்பு வேலை பார்த்தேன். மொட்டைமாடிகளில் ஏறி இறங்கியதில் முழங்கால் போய், இப்போது மேசை வேலைக்கு மாறிவிட்டேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் செத்த வீட்டுக்குப் போனாலும் என்னைக் கண்டவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "போனில் சார்ஜ் நிற்குதில்லை, எதை ஓஃப் பண்ணுவது?" சரி, கேள்விகளை எழுதி அனுப்புங்கள் என்றேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை, வங்கி ஊழியர்): அண்ணா, இரவு படுக்கும்போது வைஃபை, புளூடூத், லொகேஷன் எல்லாவற்றையும் ஓஃப் பண்ணிவிடுவேன். 100 சதவீதத்தில் வைத்துவிட்டுப் படுத்தால் எட்டு மணித்தியாலத்தில் 82க்கு வந்து நிற்கிறது. 5000 மில்லி ஆம்பியர் பற்றரி, வாங்கி ஒரு வருடம்தான். பற்றரி பழுதா?

பதில்: பழி போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுவோம், தங்கச்சி. 5000 மில்லி ஆம்பியர் மணி, சராசரி வோல்டேஜ் 3.85. பெருக்கினால் கிட்டத்தட்ட 19 வாட் மணி. அதில் 18 சதவீதம் என்பது சுமார் மூன்றரை வாட் மணி. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் அரை வாட்டுக்குச் சற்றுக் குறைவு. சாமித்தட்டில் எரியும் சின்ன எல்இடி விளக்கு ஒன்றை உங்கள் போன் விடியவிடிய எரித்த மாதிரி.

சும்மா கிடக்கும் புளூடூத் 10 மில்லிவாட் எடுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணித்தியாலத்துக்கு அது அரைச் சதவீதம்கூட வராது. அப்படியென்றால் மிச்சப் பதினேழு சதவீதத்தைத் தின்றது யார்?

நீங்கள் ஓஃப் பண்ணாமல் விட்டது சிம் மட்டும்தான். வைஃபையை வேறு அணைத்துவிட்டதால், இரவில் வரும் மெசேஜ், மின்னஞ்சல், செயலிகளின் கொடுக்கல் வாங்கல் எல்லாம் மொபைல் டேட்டா வழியாகத்தான் போயிருக்கும். படுப்பது எந்த அறையில் என்று நீங்கள் எழுதவில்லை. காலி வீதிக்கும் மெரீன் டிரைவுக்கும் நடுவில் இருக்கும் ஒழுங்கைகளில் முக்கால்வாசி ஃபிளாட்டுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. பின்னறையில் படுக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவைக் கவனித்திருப்பீர்கள். கீழ் வீட்டுக்காரர் கேற்றடியில் நின்று மெதுவாகச் சொன்னாலே பாண் கைக்கு வந்துவிடும். நாலாம் மாடிக்காரர் தொண்டை கிழியக் கத்த வேண்டும். போனும் அப்படித்தான். டவர் பக்கத்தில் இருந்தால் மிகக் குறைந்த சக்தியில் பேசும். நடுவில் நாலு கொங்கிறீட் சுவர் இருந்தால், "கேட்கவில்லை, இன்னும் சத்தமாக" என்று டவர் கட்டளை அனுப்பும், போனும் கூட்டிக்கொண்டே போகும். 4ஜி போனின் அன்டெனாவிலிருந்து வெளியேறும் உச்ச சக்தி சாதாரணமாக 200 மில்லிவாட். அதை உண்டாக்கப் பற்றரியிலிருந்து இழுப்பது அதைப்போலப் பல மடங்கு. மீதி சூடாகப் போகும்.

இதை நீங்களே பார்க்கலாம். அன்ட்ரொய்ட் போன்களில் பெரும்பாலும் செட்டிங்ஸ் போய், 'போன் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் அளவு டிபிஎம் என்ற கணக்கில், மைனஸில் இருக்கும். பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் சிக்னல் பலம், தள்ளிப் போகப்போகப் பலவீனம். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலடியில் மைனஸ் 88. குளியலறைப் பக்கத்து அறையில் மைனஸ் 114. வெறும் 26 தானே என்று தோன்றும். ஆனால் இது சாதாரணக் கழித்தல் இல்லை. ஒவ்வொரு பத்துக்கும் பத்து மடங்கு, ஆக 26க்குக் கிட்டத்தட்ட 400 மடங்கு பலவீனம். ஒரே வீடு, பதினைந்து எட்டு நடை.

இன்றிரவு வைஃபையை ஒன் பண்ணி, போனை முன்னறையில் வைத்துப் பாருங்கள். அப்படியும் அதே அளவு இறங்கினால் ஏதோ ஒரு செயலி தூங்காமல் வேலை செய்கிறது என்று அர்த்தம். பற்றரி பக்கத்தில் அதன் பெயர் இருக்கும். பற்றரியே பழுதா என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு வரலாம்.

கேள்வி (தெஹிவளை, மாணவர்): என்எஃப்சி (போனைத் தொட்டுக் காசு கட்டும் வசதி)? அதையும் ஓஃப் பண்ணவா?

பதில்: திரை பூட்டிக் கிடக்கும்போது பெரும்பாலான போன்களில் அதுவும் தூங்கிவிடும். விடுங்கள், தம்பி.

கேள்வி (கொட்டாஞ்சேனை, ஓட்டோ ஓட்டுபவர்): ஹயர் செயலி நாள் முழுக்க ஓடவேண்டும். ஜிபிஎஸ் செற்றலைட்டுக்கு சிக்னல் அனுப்புவதால்தான் சார்ஜ் போகிறது என்று கூட்டாளி சொல்கிறான். உண்மையா?

பதில்: இல்லை. ஜிபிஎஸ் செய்மதிகள் 20,000 கிலோமீற்றருக்கு மேலே சுற்றுகின்றன. அந்தத் தூரத்துக்கு உங்கள் கைப்போன் கத்தி என்ன ஆகப்போகிறது? போன் அனுப்புவதே இல்லை, மேலிருந்து வருவதைக் கேட்டுக் கணக்குப் போடுவது மட்டும்தான் அதன் வேலை. அந்தக் கணக்கைச் செக்கனுக்குச் செக்கன் போடும்போது கொஞ்சம் செலவு உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் பெரிய திருடன் திரை. வெயிலில் மெப் தெரியவேண்டுமென்று வெளிச்சத்தை முழுக்கக் கூட்டியிருப்பீர்கள். அதற்கே ஒரு வாட்டும் அதற்கு மேலும் போகும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். ஹேண்டிலடியில் வெயில் படும் ஸ்டாண்டில் போன், அதற்கு ஒரு தடித்த உறை, அத்தோடு சார்ஜும் ஓடுகிறது. லித்தியம் பற்றரிக்குச் சூடுதான் எமன். உறையைக் கழற்றுங்கள், ஸ்டாண்டை நிழல் விழும் பக்கம் திருப்புங்கள். ஹயர் வரும்வரை திரையை அணைத்து வைத்தாலும் அறிவிப்பு வந்து சத்தம் போடும். ஹயர் செயலி, மெப் இரண்டையும் விட்டுவிட்டு, மற்றச் செயலிகளுக்கு லொகேஷன் அனுமதியைப் 'பாவிக்கும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். காலநிலை காட்டும் செயலிக்கு நீங்கள் ஆமர் வீதியில் நிற்கிறீர்களா கிராண்ட்பாஸில் நிற்கிறீர்களா என்று நிமிடத்துக்கு நிமிடம் தெரியத் தேவையில்லை.

கேள்வி (பம்பலப்பிட்டி, இல்லத்தரசி): கறண்ட் போன நேரத்தில் போன் வேகமாக இறங்குகிறது. பயத்தில் எனக்கு அப்படித் தோன்றுகிறதா?

பதில்: தோற்றம் இல்லை, அக்கா. டவர் வேலையில் இருந்தவனாக இதற்கு நிறையச் சொல்லலாம்.

கறண்ட் போனதும் முதலில் சாவது வீட்டு ரவுட்டர். அதுவரை வைஃபையில் இருந்த போன் மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது. உங்கள் வீட்டில் மட்டுமல்ல, ஒழுங்கை முழுக்க ஒரே நிமிடத்தில். டவரில் நெருக்கடி, ஒரு மெசேஜ் போகவே நேரமெடுக்கிறது, அதுவரை போனின் ரேடியோ விழித்தபடி இருக்கிறது. அப்புறம் டவரும் பற்றரியில் ஓடத் தொடங்கும். ஜெனரேற்றர் இல்லாத இடங்களில் அந்தப் பற்றரி சில மணித்தியாலம்தான் தாங்கும். பக்கத்து டவர் படுத்தால் உங்கள் போன் தூரத்து டவரைப் பிடிக்கும். மறுபடியும் நாலாம் மாடியிலிருந்து சூன் பாண்காரரைக் கூப்பிடும் கதைதான்.

2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்த நாட்களில் டவர் பற்றரிகள் முழுதாகச் சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். நாங்கள் டீசலுக்கும் அலைந்தோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகலில் நாடு முழுக்க இருண்டதும் நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொல்ல, நாடே சிரித்தது. அன்று முழுக்க எனக்கு வந்த கோல்கள் எல்லாம் "ஏன் கோல் போகுதில்லை" என்று கேட்கும் கோல்கள். எப்படி வந்தன என்று என்னைக் கேட்காதீர்கள்.

செய்யக்கூடியது சின்ன விஷயம். கறண்ட் போனதும் டேட்டாவை அணைத்துவிட்டு, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒன் பண்ணி மெசேஜ் பாருங்கள். சாதாரண கோல், எஸ்எம்எஸ் அதுவரை வழக்கம்போல் வரும். பிள்ளைகளுக்கு ஹொட்ஸ்பொட் போட்டுக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (ராஜகிரிய, வீட்டிலிருந்து வேலை): ஹொட்ஸ்பொட் போட்டால் போன் நெருப்பாகச் சுடுகிறது. அது பரவாயில்லையா?

பதில்: ஒரு பக்கம் டவரோடு கதை, மறுபக்கம் லப்டொப்போடு கதை, இரண்டும் ஒரே நேரத்தில். சாதாரண வைஃபையில் ரவுட்டர்தான் விழித்திருக்கும், போன் இடையிடையே கண் அயரும். ஹொட்ஸ்பொட்டில் போனே ரவுட்டராகிவிடுவதால் அந்தத் தூக்கமும் போய்விடுகிறது. யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போடுங்கள், அதாவது வயர் வழியாகவே லப்டொப்புக்கு டேட்டா கொடுங்கள். வைஃபை வேலை மிச்சம், லப்டொப்பிலிருந்து கொஞ்சம் சார்ஜும் ஏறும். போனை ஜன்னலடியில் வையுங்கள், வெயில் படாமல்.

கேள்வி (வத்தளை): 5ஜி வசதியுள்ள போன். 4ஜிக்கு மாற்றினால் மிச்சம் பிடிக்கலாமா? 2ஜிக்கு மாற்றினால் இன்னும் மிச்சமாமே?

பதில்: உங்கள் வீட்டில் 5ஜி நன்றாக எடுக்கிறதென்றால் விட்டுவிடுங்கள். ஒரு நிமிடம் 5ஜி, அடுத்த நிமிடம் 4ஜி என்று எழுத்து மாறிக்கொண்டே இருந்தால் 4ஜியில் நிறுத்துங்கள். பல வலையமைப்புகளில் 5ஜி தனியாக ஓடுவதில்லை, 4ஜியையும் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. இரண்டு குதிரையில் ஒரே நேரத்தில் சவாரி.

2ஜி யோசனையைத் தந்தவரிடம் கோபிக்காதீர்கள், சும்மா கிடக்கும் போனுக்கு அது சில வேளைகளில் சரி. ஆனால் டேட்டா பாவிப்பவருக்குத் தலைகீழ். போனுக்கு நல்லது வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்குவது. 4ஜியில் ஒரு செக்கனில் இறங்கும் படம் 2ஜியில் நிமிடக்கணக்கில் இறங்கும், அவ்வளவு நேரமும் ரேடியோ விழித்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு குட்டி மெசேஜ் வந்து முடிந்தாலும் ரேடியோ உடனே படுக்காது, இன்னும் ஏதாவது வருமோ என்று சில செக்கன்கள் காத்திருக்கும். ஆகவே ஒரு பெரிய வீடியோவைவிட, நிமிடத்துக்கு ஒன்றாக வரும் குட்டி மெசேஜ்கள்தான் தொல்லை. குடும்பக் குழுவில் பெரியப்பா, சித்தப்பா, மாமி எல்லோரும் காலை வணக்கப் படம் போடும் அந்த ஒரு மணித்தியாலத்தை நினைத்துப் பாருங்கள். படம் தானாக இறங்குவதை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள். குழுவை விட்டு வெளியேறச் சொல்லவில்லை, அது குடும்பப் பிரச்சினையாகிவிடும்.

வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே கோல் பேசும் வசதி இருந்தால் அதையும் ஒன் பண்ணுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோலுக்கும் போன் 4ஜியிலிருந்து பழைய வலையமைப்புக்கு இறங்கி மறுபடி ஏறவேண்டும்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): வங்கி ஓடிபிக்காக மட்டும் இரண்டாவது சிம் ஒன்று போட்டிருக்கிறேன். ரீலோட்கூடப் போடுவதில்லை.

பதில்: நீங்கள் போடாவிட்டாலும் அது தன் டவரைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. சிக்னல் நன்றாக இருந்தால் செலவு கொஞ்சம்தான். இல்லாத இடத்தில் அந்த ஒரு சிம் போதும், பற்றரியைக் குடிக்க. ஓடிபி வேண்டிய நேரத்தில் மட்டும் செட்டிங்ஸில் ஒன் பண்ணுங்கள், வெளியே கழற்றத் தேவையில்லை.

கேள்வி (வெள்ளவத்தை, மாதமொருமுறை ஊருக்குப் போபவர்): கோட்டையில் யாழ்தேவி ஏறும்போது முழுச் சார்ஜ். படம்கூடப் பார்ப்பதில்லை. வவுனியா தாண்டினால் சார்ஜ் உருகிவிடுகிறது.

பதில்: வண்டி ஓடஓட போன் டவர் மாறிக்கொண்டே போகிறது. பெட்டி இரும்பு. வவுனியாவுக்கு அப்பால் காடு வந்து சிக்னல் அறுந்தால், போன் தனக்குத் தெரிந்த அலைவரிசைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். பூட்டிய வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவது போல.

ஒருமுறை நான் இரண்டு போன் கொண்டுபோனேன். ஃபிளைட் மோடில் பையில் கிடந்தது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. மற்றது கிளிநொச்சிக்கு முன்னமே பவர் பேங்க் கேட்டது. வவுனியாவில் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துவிட்டு ஃபிளைட் மோடுக்குப் போங்கள். பாட்டு, படம் எல்லாம் முதல்நாளே வீட்டு வைஃபையில் இறக்கி வையுங்கள். புளூடூத் இயர்போனை மறுபடி ஒன் பண்ணிக்கொள்ளலாம், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி (கல்கிசை, ஐபோன்): மேலிருந்து இழுத்து வைஃபையை அணைக்கிறேன். காலையில் பார்த்தால் தானாக ஒன் ஆகியிருக்கிறது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை. அந்தப் பட்டன் வைஃபையை அணைப்பதில்லை, இருக்கும் இணைப்பைத் துண்டிப்பதோடு சரி. காலை 5 மணிக்குப் பழையபடி சேர்ந்துகொள்ளும். முழுதாக அணைக்க செட்டிங்ஸுக்குள் போகவேண்டும். அன்ட்ரொய்ட்காரர்களுக்கும் ஒரு ஒளித்துவைத்த சாவி உண்டு: லொகேஷன் பகுதிக்குள் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு இருக்கும். வைஃபை ஓஃப் ஆக இருந்தாலும் இடம் கண்டுபிடிக்க அவை தேடும். அணைத்தால் சிறு மிச்சம்.

கேள்வி (வெள்ளவத்தை): தம்பி, நான் தனியாக இருக்கிறேன். மகன் டொரொண்டோவிலிருந்து எந்த நேரம் எடுப்பான் என்று தெரியாது. சார்ஜ் மிச்சமாகுமென்று பக்கத்து வீட்டுப் பிள்ளை இரவில் ஃபிளைட் மோட் போடச் சொல்கிறாள். போடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. ஃபிளைட் மோடில் சாதாரண கோல் ஒன்றும் வராது. இரவில் அவசரத்துக்கு உங்களை யாரும் பிடிக்க முடியாமல் போய்விடும். வைஃபை ஒன்னில் இருக்கட்டும். போனை ரவுட்டருக்குக் கிட்ட, ஹோலில் சார்ஜில் போட்டு, மணிச்சத்தத்தைக் கூட்டி வையுங்கள். மொபைல் டேட்டாவையும் அணைக்காதீர்கள். வைஃபை இருக்கும்வரை போன் அதைத்தான் பிடிக்கும். நடு இரவில் கறண்ட் போய் ரவுட்டர் நின்றாலும் தானாக டேட்டாவுக்கு மாறிவிடும், மகன் இணையம் வழியாக எடுத்தாலும் கோல் அப்போதும் அடிக்கும்.