கயாக் நிக்காம இழுத்துட்டுப் போகுதா? சங்கிலி போட்டுப் பாருங்க

குழித்துறை ஆத்துல தேங்காப்பட்டணம் பக்கமா கயாக்ல, அதான் துடுப்பு போடுற சின்னப் படகுல, மிதந்து போறப்போ கொடுவா மீன் நிக்கிற இடத்தத் தாண்டி இழுத்துட்டுப் போயிடுது, நங்கூரம் போடலாமான்னு கேட்டிருந்தீங்கல்லண்ணா. ஓடுற தண்ணில வேண்டவே வேண்டாம், அதுவும் பக்கவாட்டுல கட்டுனா கவுந்துரும், நான் ஒருதடவ ஃபோனோட முங்கி எழுந்தவன். ஒரு முழம் சங்கிலிய பழைய சைக்கிள் டியூப்ல நுழைச்சு பின்பக்கம் இழுபட விடுங்க, சத்தமும் வராது வேகமும் கொறையும், ஆனா எங்கயாச்சும் மாட்டுனா ஒரே இழுப்புல அவுர்ற முடிச்சாத்தான் போடணும். லூர், அதான் செயற்கை இரை, எறியுறது அந்த எடத்துக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே இருக்கணும், பாலத் தூணு, தண்ணிக்குள்ள சாஞ்சு கெடக்குற தென்னை, இந்த மாதிரி ஒதுக்கா பாத்து. ஆறு கடல்ல சேர்ற பொழிமுகம்னா கடல் ஏத்தம் எறக்கம் மாறுற நேரம் நல்லது. கொடுவாவுக்கு செவுள் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், லீடர், அதான் நரம்போட நுனில லூருக்கு முன்னாடி கட்டுற துண்டு, கனமா போடுங்க. மேல பேச்சிப்பாறை அணைல தண்ணி தொறந்திருந்தா அன்னைக்கு எறங்காதீங்க.