கூண்டில் நின்று கத்திவிட்டான் என் தம்பி

கேள்வி: என் தம்பி மேல் ஓர் அடிதடி வழக்கு நடக்கிறது. ஜாமீனில் இருக்கிறான். போன வாய்தாவில் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்லும்போது "பொய், பொய்" என்று கத்தினான். மாஜிஸ்திரேட் அடக்கியதும், "நீங்களும் அவங்க பக்கம்தானே" என்று கேட்டுவிட்டான். சாயந்திரம் வரை அங்கேயே காவலில் உட்கார வைத்து 1000 ரூபாய் அபராதம் போட்டார்கள். கட்டிவிட்டோம். இனி வாயைத் திறந்தால் கோர்ட் அவமதிப்பில் ஆறு மாதம் உள்ளே போவான் என்கிறார்கள். நடக்கிற வழக்கும் தோற்றுவிடுமா?
— பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் பயப்படுகிற அளவுக்கு எதுவும் நடந்துவிடவில்லை. 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி தண்டிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும்தான். தம்பி விஷயத்தில் மாஜிஸ்திரேட் பயன்படுத்தியது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 384-ஆவது பிரிவாக இருக்க வேண்டும். அதன்படி அன்று கோர்ட் கலைவதற்குள் ஆளிடம் விளக்கம் கேட்டு, 1000 ரூபாய் வரை அபராதம் போடலாம். கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை வெறுங்காவல்.

அபராதம் போதாது, சிறைதான் என்று அவருக்குத் தோன்றினால்? அவரே எழுதிவிட முடியாது. நடந்ததையும் தம்பி சொன்ன விளக்கத்தையும் பதிவு செய்து வேறு மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கே தனி வழக்காக நடந்து நிரூபணமானால்தான், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 267-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை.

இந்த ஏற்பாடு மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். திட்டு வாங்கியவரே தீர்ப்பும் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. 1969-இல் சிகாகோவில் பாபி சீல் என்பவர் மேல் வழக்கு. தன் வக்கீல் வரும் வரை பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தன் வழக்கைத் தானே நடத்த வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் அவரை நாற்காலியில் சங்கிலியால் கட்டி, வாயில் துணி அடைக்க வைத்தார். பிறகு வழக்கு முடியும் முன்பே அவமதிப்புக்காக நான்கு ஆண்டு தண்டனை. 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அடுத்து, உங்கள் உண்மையான கவலை. தம்பி கத்தியது அடிதடிக்குச் சாட்சியம் ஆகாது. அதை வைத்து அவரைக் குற்றவாளி என்று எழுத முடியாது. ஆனால் இரண்டு ஆபத்து உண்டு. சாட்சியை மிரட்டினார் என்று சொல்லி, ஜாமீனை ரத்து செய்ய அரசுத் தரப்பு மனு போடலாம். இன்னொன்று, தொடர்ந்து இடைஞ்சல் செய்தால் நடைமுறைச் சட்டத்தின் 355-ஆவது பிரிவின்படி அவரை வெளியே வைத்துவிட்டு, வக்கீல் மட்டும் இருக்க விசாரணையை நடத்தலாம். தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதே அப்புறம் அவர் காதில் விழாது.

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. மேலே மின்விசிறி கடகடவென்று ஓடும். சாட்சி முணுமுணுப்பார், பாதி விளங்காது. விளங்குகிற பாதியும் பொய்யாக இருந்தால் எவருக்கும் பொறுக்காது. அந்தப் பொய்யை உடைக்கத்தான் குறுக்கு விசாரணை. அடுத்த வாய்தாவுக்கு ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கொடுத்து அனுப்புங்கள். சாட்சி சொல்வதில் எது தப்போ அதை ஒரு வரி எழுதி வக்கீலிடம் நீட்டட்டும். "அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை" என்ற ஒரு வரி, பத்துக் கத்தலைவிட வழக்குக்கு உதவும்.

அபராத உத்தரவின் நகலை வாங்கிப் பாருங்கள். தம்பியிடம் விளக்கம் கேட்டதாக அதில் இல்லையென்றால், 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். பணம் கட்டியதால் அந்த உரிமை போகாது. ஆனால் முறையாகக் கேட்டுத்தான் போட்டிருக்கிறார்கள் என்றால் நான் மேல்முறையீட்டுக்குப் போகச் சொல்ல மாட்டேன். மன்னிப்புக் கேட்டால் தண்டனையைத் தள்ளுபடி செய்ய அதே நடைமுறைச் சட்டத்தின் 387-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. அதற்காக மட்டும் இல்லை, இதே மாஜிஸ்திரேட் முன்னால்தான் தம்பி இன்னும் பல வாய்தா நிற்க வேண்டும். வக்கீல் எழுதிக் கொடுத்ததை வாசிக்காமல் தன் வாயாலேயே சொல்லட்டும்: "அன்றைக்குப் பேசியது தப்பு, ஐயா." அதோடு நிறுத்திக்கொள்ளட்டும். "ஆனால் அவர் பொய் சொன்னாரே" என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.